அப்பத்தா நோட்டில் ‘மாத்திரை 64’

சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்து, இப்போது கோவையில் வேலை பார்க்கும் 36 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அம்மாவும் அப்பாவும் காட்டு வேலைக்குப் போய்விட, இவரை வளர்த்தது அப்பத்தா. அப்பா 2009-ல் இறந்த பிறகு அம்மாவும் அப்பத்தாவும் அப்பத்தா வீட்டிலேயே ஒன்றாக இருந்தார்கள். ஏழு மாதங்களுக்கு முன், 84 வயதில், அப்பத்தா தூக்கத்திலேயே போய்விட்டார். முந்தின நாள் மாலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்திருக்கிறது. அடுப்பில் குக்கர், மகளுக்கு மறுநாள் பரீட்சை. “அப்பறம் கூப்புடுறேன் அப்பத்தா” என்று வாசகி வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிடவில்லை.

அதன் பிறகு, அப்பத்தா வாழ்நாளில் சொன்னதையெல்லாம் ஒரு டைரியில் எழுத ஆரம்பித்தார். இதுவரை 26 வாக்கியங்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றின்படியே இனி வாழ்வது என்று முடிவும் எடுத்துவிட்டார். ‘மாத்திரை முழுங்கிப் பழகாதே’ என்பதற்காக, எட்டு வருடமாகச் சாப்பிட்டுவந்த தைராய்டு மாத்திரையை நான்கு மாதங்களுக்கு முன் நிறுத்திவிட்டார். ‘எல்லாரும் சாப்பிட்ட பெறகு சாப்பிடு’ என்பதால் இரவுச் சாப்பாடு பத்தரை மணிக்கு, சில நாள் அதுவும் இல்லை. ‘வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது’ என்பதால் யாரிடமும் மனம்விட்டுப் பேசுவதில்லை. ‘சொத்துக்காகச் சொந்தத்தோட மல்லுக்கு நிக்காதே’ என்பதால், அப்பத்தா வீட்டில் தனக்குள்ள பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சித்தப்பா எழுதிக் கேட்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறார். “கட்டிக்கொடுத்த பேத்திக்கு இதுல என்ன உரிமை” என்று சித்தப்பா சொன்னதும் கடிதத்தில் இருக்கிறது. அத்தையின் லாக்கரில் ஒரு காசுமாலை இருக்கிறது. அதை அப்பத்தா இவருக்கென்று சொல்லிவைத்திருந்தாராம்.

அப்பத்தா போல நார்த்தங்காய் போட்டுப் பார்த்ததும் இரண்டு முறை வீணாகிவிட்டது. எட்டு வயது மகள் இரவில் தூங்க மறுக்கிறாள். “ஏழு மாசமாச்சு, இது மனநோய்” என்கிறார் கணவர். “அப்பத்தா சொன்னபடி வாழ்வதில் என்ன தப்பு?” என்பது வாசகியின் கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் இரண்டே வரியில் நீங்கள் கடந்துபோன விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு மாதம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

முதலில் மாத்திரை

சாப்பாடு குறைந்தும் நான்கு கிலோ கூடிவிட்டது, ஃபேன் காற்று தாங்கவில்லை, மலச்சிக்கல், எழுதவேண்டிய பில்லைக்கூட மறந்துபோகிறேன், எப்போதும் படுத்துக்கொள்ளத் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவையும் ‘அப்பத்தா துக்கம்’ என்ற ஒரே கணக்கில் வரவு வைத்துவிட்டீர்கள். சோர்வு, மறதி, மனம் ஒட்டாமல் போவது ஆகியவை துக்கத்திலும் வரும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் வரும். ஆனால் குளிர் தாங்காமல் போவதற்கும், சாப்பிடாமலே எடை கூடுவதற்கும் துக்கத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. நீங்கள் சாப்பிட்டுவந்த லெவோதைராக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் நிறுத்திய உடனே ஒன்றும் தெரியாது. ‘விட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தேன்’ என்று முதல் சில வாரம் தோன்றுவது அதனால்தான். அதன் பிறகு மெல்ல மெல்ல இறங்கும். இறங்குவது உங்களுக்கே தெரியாது.

இந்த வாரமே டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் பாருங்கள். நான்கு மாத இடைவெளி விழுந்திருப்பதால் பழைய அளவை நீங்களாகத் தொடங்க வேண்டாம். ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்த்து, நிறுத்தியதை ஒளிக்காமல் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டென்றால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். மறுபடி தொடங்கிய பின் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் அடுத்த பரிசோதனை. அதற்கு முன்பு பார்த்தால் அளவு சரிதானா என்று சொல்ல முடியாது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எட்டு வருடம் சாப்பிட்டவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

“எங்க அப்பத்தா 84 வயசு வரைக்கும் ஒரு மாத்திரை போட்டதில்ல” என்கிறீர்கள். அதே கடிதத்தில், அவர் வைத்திருந்த கணக்கு நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை ஆசையாக எடுத்து எழுதியிருக்கிறீர்கள்:

கீரை 10
பால் 28
மாத்திரை 64
பேரன் ரீசார்ஜ் 199
தெரியல 5
மீதி 212

மூன்றாவது வரியைப் பார்த்தீர்களா? அந்த 64 ரூபாய் யாருக்கு வாங்கிய மாத்திரை என்று எனக்குத் தெரியாது. உங்கள் அம்மாவுக்காக இருக்கலாம், அவருக்காகவே இருக்கலாம். யாருக்காக இருந்தாலும், மாத்திரைக்குக் காசு எடுத்துக் கொடுத்த கை அது.

26 வாக்கியங்களை எப்படி வாசிப்பது

டைரியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நல்ல காரியம்தான். ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது: அப்பத்தா சொன்னது மட்டும் இருக்கிறது, செய்தது இல்லை. வாக்கியத்தைத் தனியே பிடுங்கி நட்டால் அது சட்டமாகிவிடும். அவர் பேசியதெல்லாம் யாரோ ஒருவரிடம், ஏதோ ஒரு சமயத்தில்.

ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும் இரண்டு கட்டம் போடுங்கள். முதலாவதில், எப்போது, யாரிடம் சொன்னார். இரண்டாவதில், அதே விஷயத்தில் அவர் என்ன செய்தார். நினைவில்லையென்றால் காலியாக விட்டுவிட்டு, அத்தையிடமும் அம்மாவிடமும் கேளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியம் போதும். அதற்கு மேல் போனால் அழுகைதான் மிஞ்சும், வேலை நடக்காது.

நீங்கள் எழுதியவற்றில் சிலவற்றை நானே போட்டுப் பார்க்கிறேன்.

‘வாங்குன பாத்திரத்தை வெறுமனே திருப்பாதே.’ முருங்கைக்கீரையோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ போட்டுத்தான் கொடுப்பார் என்கிறீர்கள். சொன்னதும் செய்ததும் ஒன்று. கோவை அடுக்குமாடியிலும் அப்படியே செல்லும். மூன்றாவது மாடிக்காரரின் டப்பா உங்கள் வீட்டில் கிடந்தால் இன்றைக்கே ஏதாவது போட்டு அனுப்புங்கள். ஏழு மாதமாக யாரோடும் பேசாத உங்களுக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

‘எல்லாரும் சாப்பிட்ட பெறகு சாப்பிடு.’ 31 வயதில் கணவரை இழந்து, மூன்று பிள்ளைகள், ஒரு சட்டிச் சோறு. கடைசியில் உட்காருகிறவருக்குத்தான் யாருக்கு எவ்வளவு போனது, நாளைக்கு எத்தனை ஆழாக்கு அரிசி போட வேண்டும் என்பது தெரியும். பற்றாக்குறைக்காக அவர் கண்டுபிடித்த வழி அது. உங்கள் வீட்டில் அந்தப் பற்றாக்குறை இல்லை. பத்தரை மணிக்குச் சாப்பிட்டுப் படுத்து, காலையில் வெறும் வயிற்றோடு ஓடும் உங்களைப் பார்த்தால் அவர் திட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன். கடைசி போனில் அவர் கேட்ட முதல் கேள்வியே “சாப்டியா?” என்பதுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

‘வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது.’ தனியாளாகப் பிள்ளை வளர்த்த பெண்ணுக்கு அந்தக் காலத்தில், அந்த ஊரில், வெளியே போன ஒரு சொல் என்ன விலை கேட்டிருக்கும் என்பதை நாம் ஊகிக்கத்தான் முடியும். அவருக்கு அது பாதுகாப்பு. உங்களுக்கு அது பூட்டு. அவரும்கூட முழுக்கப் பூட்டிக்கொண்டவராகத் தெரியவில்லை. மதியம் வெற்றிலைப் பெட்டியோடு பக்கத்துத் திண்ணைக்குப் போய்விடுவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மணி நேரம் அங்கே வானிலை மட்டும் பேசியிருக்க மாட்டார்கள்.

‘ராத்திரி கணக்கு எழுதாமப் படுக்காதே.’ 26-ல் எனக்குப் பிடித்தது இது. விசித்திரம் என்னவென்றால், கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நீங்கள் வீட்டில் இதை மட்டும் பின்பற்றுவதில்லை! அந்த நோட்டில் இருக்கும் ‘தெரியல 5’ என்ற வரியைப் பாருங்கள். கையில் இருக்கும் சில்லறையை எண்ணி, எழுதிய செலவோடு ஒத்துப் பார்த்து, ஐந்து ரூபாய் இடித்தபோது கீரையைப் பதினைந்து என்று மாற்றி எழுதிச் சரிக்கட்டியிருக்கலாம். அஞ்சாம் வகுப்பு படித்த அந்த மனுஷி ‘தெரியல’ என்று எழுதிவிட்டுப் படுத்திருக்கிறார். நீங்கள் செய்வதென்றால் ரொக்கம், ஜிபே இரண்டுக்கும் தனித்தனி வரிசை போடுங்கள். இரவில் பர்ஸை எண்ணி, வங்கி ஆப்பில் இருப்பைப் பார்த்து, இடிக்கும் தொகையைச் சரிக்கட்டாமல் ‘தெரியல’ வரியில் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலை. அந்த வரி ஒரு மாதத்தில் எவ்வளவு பெருக்கிறதென்று பார்த்தாலே வீட்டுச் செலவு எங்கே ஒழுகுகிறது என்பது பிடிபட்டுவிடும்.

பாதியில் நின்ற அந்தப் பேச்சு

அன்றைக்கு ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்த எண்ணம் அடியில் ஓடுகிறது. 84 வயதில், தூக்கத்தில் நின்ற இதயத்தை ஒரு போன் பேச்சு ஓட வைத்திருக்காது. இது ஆறுதலுக்குச் சொல்வதில்லை.

ஒரு வெள்ளைத் தாளில் அன்றைய மாலையை எழுதுங்கள். ஒரே நிபந்தனை: அந்த நேரத்தில் உங்களுக்குத் தெரிந்தது மட்டும் வர வேண்டும். ஏழு மணி, குக்கர் எத்தனை விசில், மகள் எந்தப் பாடம் கேட்டாள், அப்பத்தா குரல் எப்படி இருந்தது. ‘அதுதான் கடைசி’ என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. அது இந்தத் தாளில் வரக் கூடாது. எழுதி முடித்தால், வழக்கமான ஒரு மாலையில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்ன ஒரு பெண் அதில் இருப்பார். கல்யாணமாகி வந்ததிலிருந்து தினம் இரண்டு முறை பேசுவோம் என்கிறீர்கள். கடைசி ஐந்து வருடத்தை மட்டும் எடுத்தாலும் 3,650 அழைப்புகள். அதில் ஒன்றை வைத்து மற்றதையெல்லாம் அடித்துவிடுகிறீர்கள்.

அவர் அன்றைக்கு என்ன சொல்ல வந்தார்? இதற்கு விடை கிடைக்காது. நிறைய பேர் இந்த இடத்தில் ஒரு விடையைத் தாங்களே செய்துகொள்வார்கள், பெரும்பாலும் தங்களைக் குத்தும் விடையாக. அப்பத்தா நோட்டில் இருப்பதைப் போல, இங்கே ‘தெரியல’ என்று எழுதி வைத்துவிடலாம்.

வாட்ஸ்அப்பில் இருக்கும் அவருடைய மூன்று குரல் பதிவுகளை தினமும் இரவு பதினொரு மணிக்குக் கேட்கிறீர்கள். கேளுங்கள், ஆனால் படுக்கையில் வேண்டாம். தூக்கம் கெடுவது அதனாலும்தான். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போன் தொலைந்தால் பதிவும் போய்விடும். இன்றைக்கே மின்னஞ்சலுக்கு ஒன்றும், அம்மா போனுக்கு ஒன்றும் அனுப்பி வையுங்கள்.

இது மனநோயா?

உங்கள் கணவர் அக்கறையில் கேட்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். நீடித்த துக்கம் என்பதை ஒரு நோய்நிலையாக மருத்துவம் ஏற்றிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் குறைந்தது 6 மாதம் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2022 கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. ஆனால் மாதத்தை மட்டும் எண்ணி முடிவு செய்வதில்லை. ஏறக்குறைய தினமும் விடாத ஏக்கம், இறந்ததையே நம்ப முடியாமை, வாழ்வதில் அர்த்தமே இல்லை என்ற உணர்வு, வேலையும் வீடும் நின்றுபோவது எனப் பலவும் சேர வேண்டும். அந்தச் சமூகத்தில் வழக்கமாகத் துக்கம் காக்கும் காலத்தையும் மிஞ்சியிருக்க வேண்டும். நம் பக்கம் பல குடும்பங்களில் முதல் வருடம் பண்டிகையே கிடையாது. தலைத்திவசம் வரை துக்க வீடுதான். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், பிள்ளையைப் படிக்க வைக்கிறீர்கள், நார்த்தங்காய் போடுகிறீர்கள். தைராய்டு சரியான பிறகு எஞ்சுவது என்ன என்று பார்த்தபின் பேசலாம்.

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, நான் இன்னும் இரண்டாவதில் நிற்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படிகளை மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் எழுதியது, சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு பேசியதிலிருந்து. பறிகொடுத்தவர்கள் வரிசையாக ஏறவேண்டிய படிக்கட்டாக அதைப் பிற்பாடு ஆக்கிவிட்டார்கள். அதைவிட, துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷூட்டும் 1999-ல் சொன்னது நடைமுறைக்குப் பொருந்தும்: துக்கத்துக்குள் போவதும், அதை விட்டு வெளியே வந்து அன்றாட வேலையைப் பார்ப்பதும் மாறி மாறி நடக்கும். மாலையில் அழுதவர் இரவில் மகளோடு சிரித்தால் அது துரோகமாகாது.

‘நானும் போய்விடலாம்’ என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கையெழுத்துப் போடுமுன்

இந்தப் பகுதியை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும். 15100-ல் கூப்பிட்டு விசாரிக்கலாம்.

சித்தப்பா சொன்னது சரியில்லை. வீடு இருக்கும் மனை 1983-ல் அப்பத்தா தன் பெயரில், சீட்டுப் பணத்தில் வாங்கியது; உயில் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன் 15, 16-ஆம் பிரிவுகளின்படி அது மகன், மகள்களுக்குப் போகும். இறந்துபோன மகனின் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். சித்தப்பாவுக்கு மூன்றில் ஒன்று, அத்தைக்கு மூன்றில் ஒன்று, உங்கள் அப்பாவின் மூன்றில் ஒன்று உங்களுக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி. ஆக உங்களுக்கு ஆறில் ஒரு பங்கு. கல்யாணமானதால் அது குறையாது.

நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இந்தப் பட்டியலில் உங்கள் அம்மா இல்லை. இறந்த மகனின் மனைவிக்கு இந்தப் பிரிவில் நேரடிப் பங்கு கிடையாது. இன்றைக்கு அவர் அந்த வீட்டில் இருப்பதற்கு, உங்கள் பங்கும் தம்பி பங்கும்தான் பிடிமானம். ‘என் பங்குதானே, விட்டுக்கொடுக்கிறேன்’ என்று நீங்கள் போடும் கையெழுத்தில் அம்மாவின் கூரையும் சேர்ந்து போகலாம். பதிவான விடுதலைப் பத்திரத்தை ‘மனசு மாறிவிட்டது’ என்று திருப்ப முடியாது. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும்.

விட்டுக்கொடுப்பதே உங்கள் விருப்பமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. அம்மாவுக்கு ஆயுட்காலம் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை என்று பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். தம்பி பெயருக்கு மட்டும் விடலாம். பங்குக்குப் பணமாக வாங்கலாம். ஒன்றும் செய்யாமல் பொதுவிலேயே வைத்திருக்கவும் செய்யலாம். எதுவானாலும் தலைத்திவசத்துக்குப் பிறகு. சித்தப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லல சித்தப்பா. திவசம் முடியட்டும். அதுக்குள்ள மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கம், வாரிசுச் சான்றிதழ் எல்லாத்துலயும் எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க. பாத்துட்டு எல்லாரும் உக்காந்து பேசுவோம்.” பவர் பத்திரம் என்று எதையாவது நீட்டினாலும் இதே பதில்தான்.

காசுமாலை வேறு விஷயம். உயிரோடு இருக்கும்போது உங்கள் கையில் கொடுத்திருந்தால் அது தானமாகி உங்களுடையதாகியிருக்கும். ‘ஒனக்குத்தான்டி’ என்று வாயால் சொன்னதும், நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘காசுமாலை பேத்திக்கு’ என்று எழுதியிருப்பதும் சட்டப்படி உயிலாகாது. உயிலுக்கு அவர் கையெழுத்தும், சாட்சிகள் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஆனால் அத்தையிடம் காட்ட அந்தப் பக்கத்தைவிட வேறென்ன வேண்டும்? சட்டம் பேசாமல், நோட்டை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.

மல்லுக்கு நிற்காதே என்றவர், வேலித் தகராறு வந்தபோது சர்வேயரைக் கூட்டிவந்து, கல் ஊன்றி முடிக்கும்வரை வெயிலில் நின்றார் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். அதையும் டைரியில் இரண்டாவது கட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மகளிடம்

‘அப்பத்தா தூங்கிட்டாங்க’ என்று சொல்லியிருக்கிறீர்கள். அதனால்தான் அவள் தூங்கப் பயப்படுகிறாள். எட்டு வயதுக் குழந்தைக்குச் சாவு என்றால் திரும்பி வராதது என்று புரியும். “அப்பத்தா செத்துப்போயிட்டாங்க. ரொம்ப வயசாகி இதயம் நின்னுபோச்சு. அவங்களுக்கு இனிமே வலிக்காது, திரும்பி வர மாட்டாங்க. தூங்குறது வேற, சாகுறது வேற. நீ தூங்கினா காலையில எந்திரிச்சிருவ.” இவ்வளவே போதும். அவள் நாலு நாள் கழித்து இதையே மறுபடி கேட்பாள். அதே சொற்களில் மறுபடி சொல்லுங்கள். நீங்கள் அழுவதை அவள் பார்த்தால் ஒளிக்க வேண்டாம், காரணத்தைச் சொல்லிவிட்டால் போதும்.

நார்த்தங்காய்

இதைக் கடைசியில் விளையாட்டாக எழுதியிருந்தீர்கள்: “ஊறுகாய்கூட எனக்கு அப்பத்தா போல வரல.” வராததற்குக் காரணம் இருக்கிறது. ‘ரெண்டு கை உப்பு’ என்று அவர் சொன்னது கல் உப்பு. முதல் முறை நீங்கள் தூள் உப்பில் இரண்டு கை போட்டீர்கள். அதே கையளவில் தூள் உப்பு இடுக்கில்லாமல் நெருங்கி உட்காருவதால் எடை கூடும், அதனால் கரித்தது. இரண்டாம் முறை பயந்துபோய் ஒரு கையாகக் குறைத்தீர்கள். உப்புப் பத்தாமல் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தது. போதாததற்கு, உங்கள் பால்கனியில் மூன்று மணி நேரம்தான் வெயில். ஊர் முற்றத்தில் நாள் முழுக்கக் காய்ந்ததற்கு இங்கே இரண்டு மூன்று மடங்கு நாளாகும்.

ஒரு கிலோ காய்க்கு 200 கிராம் கல் உப்பு, தராசில் நிறுத்துப் போடுங்கள். காயைக் கழுவித் துணியால் துடைத்து, ஈரம் போக நிழலில் உலர விட்டபின் சுருளாக நறுக்கி உப்பை அடையுங்கள். பீங்கான் ஜாடி, அலுமினியம் கூடாது. தினமும் ஒருமுறை குலுக்கிவிட்டு, நான்கைந்து நாளில் நீர் விட்டதும் பகலில் காயை வெயிலில் போட்டு, இரவில் அதே உப்பு நீருக்குள் திருப்பிப் போட வேண்டும். நீர் முழுக்க இழுத்துக்கொள்ளும் வரை இப்படியே. ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. வீட்டில் ரத்தக்கொதிப்புக்காரர் இருந்தால் அவருக்கு ஒரு துண்டோடு சரி.

இந்த 200 கிராம் பொதுக் கணக்கு. அப்பத்தாவின் கணக்கு வேண்டுமென்றால் அத்தையைப் பிடியுங்கள். அவர் கற்றது அதே கையிடம். கல் உப்பில் ஒரு கை அள்ளச் சொல்லித் தராசில் போடுங்கள். மூன்று முறை அள்ளச் சொல்லி சராசரி எடுங்கள். முழு ஜாடிக்கு எத்தனை காய் போடுவார், என்ன பருமன் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்படியே அந்த நோட்டையும் பக்கத்தில் வைத்து, 64 ரூபாய் மாத்திரை யாருக்கு என்று கேட்டுவிடுங்கள்.